ஸ்ட்ரெச்சரின் மறுமுனை பிடித்த அடைக்கலம் சாமியார்

அன்று காலை புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டராக மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு வெளியே வழக்கமான கூட்டம் நின்றது. மருந்துக்கு வருகிறவர்கள் வீட்டிலிருந்து சீசா கொண்டுவருவார்கள். வரிசையில் ஒருவர் மட்டும் வெறுங்கையோடு நிற்பதைக் கவனித்தேன். அடைக்கலம் சாமியாரின் பங்குக் கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாரான சூசை அவர். நேராக முன்னால் வந்து சொல்லியிருக்கலாம். ஏனோ தன் முறை வரும்வரை நின்றார். வந்ததும் ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நம்ம சாமி தவறிட்டாங்க" என்றார்.

"எந்தச் சாமி?" என்று கேட்டேன். யார் என்று தெரிந்துதான் கேட்டேன்.

"காலைப் பூசை முடிச்சு உடுப்பைக் கழட்டிக்கிட்டு இருந்தாங்க. நாற்காலியில உக்காந்தாங்க. தண்ணி கேட்டாங்க. கொண்டாறதுக்குள்ள முடிஞ்சுபோச்சுங்க."

அவருக்குப் பின்னால் நின்றவர் சீசாவை நீட்டினார். வாங்கினேன், இருமல் மருந்தை ஊற்றினேன், எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். அதற்குப் பின் வந்தவர்களுக்கும் கொடுத்தேன். அளவு தவறவில்லை. பிறகு டாக்டரிடம் சொல்லிவிட்டு உபதேசியாரோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். இருவரும் ஆவூருக்குப் பஸ் ஏறினோம்.

சாமியார் பிறந்த ஊர் ஆவூர். பங்கிலிருந்து மாட்டுவண்டியில் உடலைக் கொண்டுவந்து, சாயங்காலம் அங்கேயே அடக்கம் செய்தோம். கல்லறைத் தோட்டத்தில் நின்றபோது எனக்குப் பின்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். ஒருவர், "சண்டையில துப்பாக்கியை மந்திரிச்சுக் குடுத்த சாமி இவுங்கதான்" என்றார். மற்றவர், "அதெல்லாம் இல்லய்யா. சுடாதீங்கன்னு சொல்லிப் பட்டாளத்தைக் கெடுத்தாங்கன்னு வெள்ளைக்காரன் வீட்டுக்கு அனுப்பிட்டான்" என்றார். இரண்டும் உண்மையில்லை. நான் அவரோடு பர்மா எல்லையில் அந்தப் பட்டாளத்தில் இருந்தவன். அவரை அறிந்த உங்களுக்கு நடந்ததைச் சொல்லிவிடுவது நல்லது என்று நினைத்து இதை எழுதுகிறேன். வேறு எதுவும் நினைக்க இப்போது முடியவில்லை.

நானும் அவரும் ஆவூர்ப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். வாடா போடா என்றுதான் பேச்சு. அவர் குருப்பட்டம் வாங்கி ஊருக்கு வந்த அன்று நான் எழுந்து நின்று, "வாங்க சாமி" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "நீயுமாடா லூர்து?" என்றார். அதன்பின் கடைசிவரை நான் 'நீங்க' என்றேன், அவர் 'நீ' என்றார். அதில் எங்களுக்குள் எந்தத் தூரமும் வரவில்லை.

யுத்தத்துக்கு முன்பே அவருடைய சுபாவம் எனக்குத் தெரியும். குன்றாண்டார்கோவில் பக்கத்தில் ஒரு சின்னப் பங்கில் அவர் இருந்தார். மழை குறைந்த வருஷம் ஒன்றில், கண்மாய் மடைத் தண்ணீருக்காக இரண்டு ஊர்க்காரர்கள் கம்போடும் அரிவாளோடும் வாய்க்காலின் இரு கரையிலும் கூடிவிட்டார்கள். இரண்டு பக்கமும் இந்துக்களும் உண்டு, நம்மவர்களும் உண்டு. சாமியார் அங்கியோடு வாய்க்காலுக்குள் இறங்கி நடுவில் நின்றார். யாரோ வீசிய கம்பு அவர் தோளில் விழுந்து காறை எலும்பு முறிந்தது. கூட்டம் கலைந்தது. நான்தான் கட்டுப் போட்டேன். சமஸ்தானத்துப் போலீஸ் இன்ஸ்பெக்டர் கட்டிலருகே உட்கார்ந்து அடித்தவன் பெயரைக் கேட்டார்.

"பார்த்தேங்க. சொல்ல மாட்டேன்" என்றார் சாமியார்.

"நீங்க சொல்லாட்டி அவனுக்குக் குளிர் விட்டுப்போகும் சாமி."

"சொன்னா, எனக்காக அவனை அடிக்க இந்தப் பக்கம் பத்துப் பேரு கெளம்புவாங்க. எம்பேரைச் சொல்லி ஒருத்தனை ஒருத்தன் அடிக்கிறதுக்கு நான் எடம் குடுக்க முடியாதுங்க."

அடித்தவன் பிறகு மனம் வருந்தி வந்து காலில் விழுந்தான் என்று கதை முடிந்தால் கேட்க நன்றாக இருக்கும். அவன் வரவில்லை. சாமியாரும் அவனை எதிர்பார்த்துக்கொண்டு இருக்கவில்லை. அந்தத் தோள் மட்டும் மழைக்காலத்தில் வலிக்கும்.

இப்படிப்பட்டவர் பட்டாளத்துக்குப் போகிறேன் என்றபோது எனக்குப் பிடிக்கவில்லை. யுத்தம் தொடங்கி, மழையும் பொய்த்து, நம் பக்கத்து ஆண்கள் கும்பலாகத் திருச்சிக்குப் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்துகொண்டிருந்தார்கள். நானும் ஆஸ்பத்திரிப் பிரிவில் சேர்ந்திருந்தேன். புறப்படுவதற்கு முன் சொல்லிக்கொண்டு வரப் போனபோது, பிஷப்பான மேற்றிராணியாரிடம் தானும் அனுமதி கேட்டிருப்பதாகச் சொன்னார்.

"சாமி, நீங்க கம்பைக்கூடத் தொடாத ஆளு. அங்க போயி துப்பாக்கிக்காரனுக்குப் பூசை வைக்கப் போறீங்களா?" என்று கேட்டேன்.

அவர் சொன்னார்: "போன வாரம் பூசைக்கு வந்த ஒரு பொம்பளை, 'எங்க வீட்டுக்காரரு அங்க சாகக் கெடந்தா யாரு சாமி அவஸ்தை எண்ணெய் பூசுவா'ன்னு கேட்டுச்சு. சண்டை சரியா தப்பான்னு என்கிட்ட யாரும் கேக்கல லூர்து. சாகப்போறவன் கூப்பிடுறான். எப்படிப் போகாம இருக்கிறது?"

போனார். அஸ்ஸாமில் பர்மா எல்லையோரத்து மலைகளில் எங்கள் இருவருக்கும் ஒரே இடம் அமைந்தது. குருவானவருக்கு ஆயுதம் கிடையாது என்பது பட்டாளத்து விதி. ஆனால் காட்டுப் பாதைகளில் எதிரி எங்கே இருப்பான் என்று தெரியாது. அதனால் ஒரு மேஜர் தற்காப்புக்கு என்று ஒரு கைத்துப்பாக்கியை அவரிடம் கொடுத்தார். சாமியார் அதைப் பிடிப்பக்கமாகத் திருப்பி மேஜரிடமே நீட்டி, தன் கையில் இருந்தால் நம் ஆள் யாரையாவது சுட்டுவிடுவேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். மேஜரும் சிரித்தார்.

துப்பாக்கியை மந்திரித்தார் என்ற பேச்சுக்கும் ஒரு காரணம் உண்டு. புதிய பீரங்கிகள் வந்தபோது அவற்றைத் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கும்படி பீரங்கிப் படை அதிகாரி ஒருவர் கேட்டார். சாமியார் தீர்த்தச் செம்போடு போனார். பீரங்கிக்காரர்களைத் தொப்பியைக் கழற்றச் சொல்லி, ஒவ்வொருவர் நெற்றியிலும் சிலுவை வரைந்தார். பீரங்கிகளைத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டார். அதிகாரியின் முகம் சிவந்ததை நான் பார்த்தேன். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்குப் பீரங்கிகளை மந்திரித்தது போலத் தெரிந்திருக்கலாம்.

இனிச் சந்தியாகுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆவூருக்குப் பக்கத்துக் குக்கிராமத்தைச் சேர்ந்தவன். கல்யாணமானவன், மானாவாரியில் கடலை போடுகிறவன், அதிகம் பேச மாட்டான். ஒரு மோதலின்போது ஓடைக்கரையில் ஒரு ஜப்பான்காரனை மிக அருகில் பார்த்திருக்கிறான். அந்த ஆள் குனிந்து தண்ணீர்ப் புட்டியை நிரப்பிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். சந்தியாகு சுட்டுவிட்டான். இதை அவனோடு இருந்த சிப்பாய்கள் எனக்குச் சொன்னார்கள். மறுநாள் அவன் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தான். அதற்கடுத்த நாள் அணிவகுப்பில் துப்பாக்கியைத் தரையில் வைத்துவிட்டு, "இனிமே சுட மாட்டேங்க. வேற என்ன வேலை குடுத்தாலும் செய்யுறேன்" என்றான். எதிரியோடு சண்டை நடக்கும் இடத்தில் அப்படிச் சொல்வது எப்பேர்ப்பட்ட குற்றம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காவலில் வைத்தார்கள். சுட்டுவிடுவார்கள் என்று சிலரும், காலமெல்லாம் ஜெயில் என்று சிலரும் பேசிக்கொண்டார்கள்.

கர்னல் துரை சாமியாரை அழைத்தார். துரைக்கு மலேரியா. குவினைன் கொடுக்கப் போன நான் கூடாரத்துக்குள் இருந்தேன், என்னை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. துரை கெட்டவரில்லை. களைத்துப் போயிருந்தார். "பாதர், அவன் உங்கள் ஊர்க்காரன். நீங்கள் சொன்னால் கேட்பான். யுத்தத்தில் கொல்வது பாவமில்லை என்று அவனிடம் சொல்லுங்கள். துப்பாக்கியை எடுத்துக்கொண்டால் இதை நான் மறந்துவிடுகிறேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

"போர்வீரனின் தொழிலைத் திருச்சபை பாவம் என்று சொல்லவில்லை. அதை எல்லாருக்கும் பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறேன். அவனும் கேட்டிருக்கிறான்" என்றார் சாமியார்.

"பிறகு என்ன? அவன் உங்களிடம் என்ன சொன்னான்?"

"அதைக் கேட்காதீர்கள்."

துரை நெற்றியைத் துடைத்துக்கொண்டார். சாமியார் மெதுவாகத் தொடர்ந்தார். "ஒருவன் தன் மனசாட்சி சொல்வதைக் கேட்டுவிட்டான். கேட்காதே என்று அவனுக்குக் கட்டளையிட எனக்கு அதிகாரமில்லை. அவனுக்கு ஒரு ஸ்ட்ரெச்சர் கொடுங்கள்."

"ஒருவனுக்குக் கொடுத்தால் நாளைக்கு ஐம்பது பேர் கேட்பார்கள்."

"ஸ்ட்ரெச்சர் தூக்குகிறவன் குண்டு வரும் பக்கமாகத்தான் போக வேண்டும். கையில் தடுக்க எதுவும் இருக்காது. அதைக் கேட்டு ஐம்பது பேர் வந்தால் அவர்களை நீங்கள் கோழைகள் என்று சொல்ல முடியாது. அவனோடு மறுமுனையை நான் பிடிக்கிறேன்."

துரை என் கையிலிருந்த மருந்துக் கோப்பையைப் பார்த்தார். பிறகு அதை வாங்கிக் குடித்துவிட்டு, குற்றச்சாட்டை இப்போதைக்கு நிறுத்திவைப்பதாகச் சொன்னார்.

காவல் கூடாரத்துக்குச் சாமியாரோடு நானும் போனேன். சந்தியாகு தரையில் உட்கார்ந்திருந்தான். அவரைப் பார்த்ததும் எழுந்து ஸ்தோத்திரம் சொன்னான்.

"சுடுன்னு ஒன்கிட்டச் சொல்லச் சொன்னாங்க. நான் சொல்லல" என்றார் சாமியார். "சுடாதேன்னு மத்தவங்ககிட்டப் போயிச் சொல்லவும் என்னால முடியல. எனக்கு அம்புட்டுத்தான் வெளங்குது சந்தியாகு. காயம்பட்டவங்களைத் தூக்கணும். வர்றியா?"

"அவுங்க ஆளு காயம்பட்டுக் கெடந்தா அவனையும் தூக்கலாமா சாமி?"

"தூக்கலாம்."

"அப்ப வாரேன்."

அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் மலைச்சரிவில் ஏறி இறங்குவதைப் பட்டாளம் முழுவதும் பார்த்தது. முன்முனையில் சந்தியாகு, பின்முனையில் சாமியார். மழையில் செம்மண் வழுக்கும். முறிந்த தோளில் பாரம் ஏறக் கூடாது என்று நான் சொன்னேன், கேட்கவில்லை. கோழை என்று சந்தியாகுவை முதலில் ஏசியவர்கள் மெல்ல ஏசுவதை நிறுத்தினார்கள். ஒருமுறை வயிற்றில் காயம்பட்ட ஒரு ஜப்பான்காரனையும் கொண்டுவந்தார்கள். அவன் பிழைக்கவில்லை. சந்தியாகு அவன் தலைமாட்டில் கடைசிவரை இருந்தான். பிறகு போய்ச் சாப்பிட்டான்.

மழை ஓயும் சமயத்தில் அது நடந்தது. முன்வரிசையில் தொடையில் குண்டு பட்டுக் கிடந்த ஒரு ஹவில்தாரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பாதை திரும்பும் இடத்தில் மார்ட்டர் குண்டு விழுந்தது. மருந்துக் கூடாரத்தில் நின்ற எனக்குச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் சாமியார் வந்தார். முன்முனையைப் பிடித்திருந்தது வேறொரு சிப்பாய். ஹவில்தாரை இறக்கி வைத்துவிட்டு, "லூர்து, இவரைக் கவனி. சந்தியாகுவைக் கொண்டாரணும்" என்று சொல்லித் திரும்பி நடந்தார். அவர் மேல் ஒரு கீறல்கூட இல்லை. சந்தியாகு விழுந்த இடத்திலேயே அவனுக்கு அவஸ்தை பூசியிருந்தார். உயிர் இருந்ததா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பாதையோரத்தில் அடக்கம் செய்தோம். சடங்கு முடிந்து, எல்லாரும் போன பின் மண்ணைப் பார்த்தபடி, "நான் கேட்டு வாங்கின ஸ்ட்ரெச்சர்" என்றார்.

"துப்பாக்கியோட நின்னுருந்தாலும் செத்துருக்கலாம் சாமி."

"இருக்கலாம்" என்றார். அன்று மாலை வழக்கம்போல் ஜெபமாலை சொல்லவைத்தார். குரல் மாறவில்லை. நானும் பதில் ஜெபம் சொன்னேன். எங்கள் இருவருக்கும் அப்போது எதுவும் உறைக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

சில வாரங்களில் அவரைப் பின்னாலிருந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். காரணம் சொல்லவில்லை. பீரங்கி அதிகாரிக்கும் அவருக்கும் மறுபடி ஏதோ பேச்சு வந்தது என்று கேள்வி. வீட்டுக்கு யாரும் அனுப்பவில்லை. யுத்தம் முடியும்வரை அந்த ஆஸ்பத்திரியில்தான் இருந்தார். கை கால் போனவர்களுக்கு நடுவில் பூசை வைத்தார்.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாகச் சந்தியாகுவின் மனைவி ஆரோக்கியத்தைப் பார்க்கக் கிளம்பினார். என்னையும் கூட்டிக்கொண்டார். சாவுச் செய்தி சர்க்கார் மூலம் எப்போதோ வந்துவிட்டது. ஆரோக்கியம் வீட்டு வாசலில் உட்கார்ந்து கடலை ஆய்ந்துகொண்டிருந்தார். எழுந்து ஸ்தோத்திரம் சொல்லி, சாக்கை விரித்து எங்களை உட்காரச் சொல்லிவிட்டுத் திரும்பவும் கடலையை எடுத்துக்கொண்டார். சாமியார் ஸ்ட்ரெச்சரைப் பற்றிச் சொன்னார், தான்தான் அதைக் கேட்டு வாங்கியதையும் சொன்னார், ஹவில்தார் பிழைத்ததைச் சொன்னார், அடக்கம் செய்த இடத்தைச் சொன்னார். ஆரோக்கியம் எல்லாவற்றையும் கேட்டார். செடியிலிருந்து கடலையைப் பறிக்கும் கை நிற்கவில்லை.

பிறகு கேட்டார். "சாமி, அவரு வயல்ல பாம்பைப் பாத்தாக்கூட ஒதுங்கிப் போவாரு. அங்க யாரையும் கொன்னாரா?"

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை உயிரே போனாலும் ஒரு குருவானவர் வெளியில் சொல்லக் கூடாது. 'இல்லை' என்று சொன்னால் அது பொய். நான் சிப்பாய்கள் சொல்லிக் கேட்டவன், என்னைக் கட்டுப்படுத்த எதுவும் இல்லை. ஆனால் அவர் சொல்லாததை அவர் முன்னால் நான் சொல்வது சரியாகப் படவில்லை.

"அதை அவன்தாம்மா சொல்லணும்" என்றார் கடைசியில்.

"அவருதான் இல்லையே சாமி."

"ஆமா."

ஆரோக்கியத்தின் கை அப்போதுதான் நின்றது. எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "சரிங்க சாமி, நீங்க சொல்ல வேணாம். அவருக்குப் பூசை வைக்கிறப்ப கூடவே இன்னொண்ணும் வச்சிருங்க. பேரு தெரியாத ஒரு ஆளுக்கு. அப்படி ஒருத்தரு இல்லாட்டி, யாரும் நெனைக்காத ஆத்துமா எதுக்காவது போயிச் சேரட்டும்" என்றார்.

சாமியார் குனிந்து முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அப்போது மட்டும்தான். ஆரோக்கியம் உள்ளே போய் மோர் கொண்டுவந்து வைத்தார். அதன்பின் ஒவ்வொரு வருஷமும் அந்த இரண்டு பூசையையும் சாமியார் வைத்தார் என்று உபதேசியார் சொன்னார்.

நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது இந்த மழைக்கு முன்னால். பங்கில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் சிக்கலாகி, வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்திருந்தார். பெண் உள்ளே இருந்தாள். அவள் புருஷனோடு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வேலை முடிந்து நானும் போய் உட்கார்ந்தேன். பட்டாளத்திலிருந்து திரும்பியவர்கள் ஒரு கூட்டம் போடப்போவதாகவும், பேசக் கூப்பிடுவதாகவும், போகப்போவதில்லை என்றும் சொன்னார்.

"என்னன்னு பேசுறது லூர்து? நான் போனது சரியான்னு எனக்குத் தெரியல. போகாம இங்கயே இருந்திருந்தா சரியா இருந்திருக்குமான்னும் தெரியல."

"சாமி இப்படிச் சொன்னா ஜனங்க என்ன நினைப்பாங்க?"

"பின்ன, தெரியும்னு பொய் சொல்லச் சொல்றியா?" என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த அந்தப் புருஷன் பக்கம் திரும்பிக்கொண்டார். அவன் அவரிடம், "பொழச்சுக்கிருவாளா சாமி?" என்று கேட்டான். சாமியார், "தெரியலப்பா" என்றார். ஆறுதலாக வேறு எதுவும் சொல்லவில்லை. அவன் தோளில் கையை வைத்தவர், டாக்டர் வெளியே வரும்வரை எடுக்கவில்லை. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். பிழைக்காமல் போயிருந்தாலும் அந்தக் கை அங்கேதான் இருந்திருக்கும்.

அவர் தீர்த்துவைக்காமல் விட்டுப்போன கேள்வியை நானும் தீர்க்கப் போவதில்லை. கிறிஸ்தவன் கொல்லலாமா, கொல்லப் போகிறவனுக்குக் குருவானவர் பூசையில் நற்கருணை கொடுக்கலாமா என்று படித்தவர்கள் இன்னும் எழுதுவார்கள். எழுதட்டும். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது சின்ன விஷயம். முன்பெல்லாம் நோயாளியின் வீட்டார் என் ஜன்னலுக்கு வந்து பிழைப்பாரா என்று கேட்டால், "அதெல்லாம் சரியாப்போயிரும்" என்று சொல்லி மருந்தைக் கொடுத்து அனுப்பிவிடுவேன். அடக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று ஒரு தகப்பன் அதையே கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். ஜன்னலைச் சாத்திவிட்டு வெளியே போய், அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.